சங்கத்திற்கு இணையவழித் தொலைபேசி வேண்டுமா?

சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பொருள் அடிக்கடி எழுந்து வருகிறது. இப்போதுள்ள கம்பித் தொலைபேசியை விட்டுவிட்டு, இணையத்தின் வழியே இயங்கும் தொலைபேசியை அமைத்துக்கொள்ளலாமா என்பதே அது. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வண்ணத்தாளுடன் வருகிறார். செலவு பாதியாகும் என்கிறார். டைரக்டர்களில் சிலர், "காலத்தோடு நாமும் செல்ல வேண்டாமா?" என்கின்றனர். வேறு சிலர், "இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது!" என்கின்றனர். இரு சாராரும் கருவியைப் பற்றிப் பேசுகின்றனரேயன்றிச் சங்கத்தின் தேவை இன்னது என்று எடுத்துரைப்பதில்லை. இறுதியில் குரல் உரத்தவர் பக்கம் தீர்மானம் நிறைவேறுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. சங்கத்தின் பணம் தனி ஒருவருடைய பணம் அன்று. தறியிலும் வயலிலும் உழைப்போர் பங்கு பங்காகச் சேர்த்த பணம். ஆதலின், இப்புதிய தொலைபேசி எவ்வாறு இயங்குகிறது, எத்தகைய சங்கத்திற்கு அது பயன் தரும், எங்கே இடறும் என்பனவற்றை அங்கத்தினர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நலம்.

பழைய தொலைபேசி

தொலைபேசிக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. இடையில் இருந்து இணைப்பவர் உதவியின்றி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி, 1960இல் கான்பூருக்கும் லக்னோவிற்கும் இடையே நம் நாட்டில் முதன்முதலாக ஏற்பட்டது. பின்னர் நிலையங்களுக்குள் இருந்த இயந்திரங்கள் மாறின. ஆனால், நிலையத்திலிருந்து நம் அலுவலகத்திற்கு வரும் ஒரு சோடிச் செப்புக் கம்பி மட்டும் பெரும்பாலும் மாறாமலே இருந்தது.

இக்கம்பிக்கு ஒரு சிறப்பு உண்டு. அதனைப் பலரும் மறந்துவிடுகிறோம். தொலைபேசி இயங்குவதற்கு வேண்டிய மின்சாரம், ஏறத்தாழ 48 வோல்ட் அளவில், நிலையத்திலிருந்தே அக்கம்பியின் வழியாக வருகிறது. ஆகவே, நம் ஊரில் மின்சாரம் நின்றாலும் நிலையத்தின் பாட்டரிகள் உயிருடன் இருக்கும்வரை சாதாரணத் தொலைபேசி ஒலிக்கும். புதிய முறைக்கு மாறும்போது நாம் முதலில் இழப்பது இதனையே.

புதிய முறை

இணையவழித் தொலைபேசியில் குரல் முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. பின்னர் அது சிறுசிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. பொதுவாக ஒரு துண்டு 20 மில்லி வினாடிப் பேச்சைத் தாங்கியிருக்கும். அதாவது ஒரு வினாடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டின் மேலும் சேரவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இடப்படுகின்றன. நூல் சிப்பங்களுக்கு எண்ணிட்டு வெவ்வேறு வண்டிகளில் ஏற்றியனுப்பி, சேருமிடத்தில் எண் வரிசைப்படி அடுக்கிக்கொள்வது போன்றது இது. ஒன்றிரண்டு துண்டுகள் வழியில் தவறினால் காது அதனை உணர்வதில்லை. பல தவறினாலோ, முன்பின்னாக வந்து சேர்ந்தாலோ, பேச்சு அறுந்து அறுந்து கேட்கும்.

இதற்கு எவ்வளவு பெரிய இணைய இணைப்பு வேண்டும் என்பது பலருடைய ஐயம். நல்ல தரமான பேச்சு ஒன்றிற்கு வினாடிக்கு 64 கிலோபிட் தேவை. முகவரிச் சுமையையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 கிலோபிட் ஆகும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் செல்லும் வழியில் அரை மெகாபிட்டும், வரும் வழியில் அரை மெகாபிட்டுமே போதும். எனவே, "நூறு மெகாபிட் இணைப்பு இருந்தால்தான் பேச்சுத் தெளிவாக இருக்கும்" என்று யாரேனும் கூறினால் அதனை நம்ப வேண்டியதில்லை.

வேண்டுவது அகலமன்று, சீர்மை. ஒருவர் பேசியது மற்றவரைச் சென்றடைய 150 மில்லி வினாடிக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேற்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இடறுவர். அலுவலகத்தில் ஒருவர் கணக்குக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும் போதே மற்றொருவர் தொலைபேசியில் பேசினால் இவ்விடர் நேரலாம். பேச்சுத் துண்டுகளுக்கு முதல் வழி விடுமாறு ரூட்டர் கருவியில் ஏற்பாடு செய்து இதனைத் தவிர்க்கலாம். அமைப்பவரிடம் கேட்டுச் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இப்புதிய தொலைபேசி மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, கண்ணாடி இழை (பைபர்) இணைப்போடு வரும் தொலைபேசி. சுவரில் பொருத்தும் பெட்டியிலேயே தொலைபேசிக்குரிய துளை இருக்கும். நம் பழைய கருவியையே அதில் செருகிப் பேசலாம். இரண்டாவது, நிறுவனத்தின் கணினியிலேயே அமைந்த கிளைத் தொலைபேசி முறை. தலைமை அலுவலகம், விற்பனை நிலையம், கிடங்கு ஆகிய யாவும் ஒரே எண்ணின் கீழ் வரும். "விலை அறிய ஒன்றை அழுத்துக" என்பது போன்ற அறிவிப்பும் வைக்கலாம். மூன்றாவது, கைப்பேசியில் ஒரு செயலியாக அமைவது. 2018இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தெளிவாக்கியது முதல், உரிமம் பெற்ற நிறுவனங்கள் இத்தகைய அழைப்புகளைச் சாதாரண எண்களோடு இணைத்துத் தரலாம். உரிமம் உள்ளதா என்று கேட்பது நம் முதற்கடமை.

எப்போதும் பழையதிலேயே இருக்கலாமா?

இருக்கலாம் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடிவிடத் திட்டமிட்டிருந்தனர். தனித்து வாழும் முதியோர் ஆபத்துக் காலத்தில் அழுத்தும் உதவிப் பொத்தான்கள் பல அக்கம்பியையே நம்பியிருந்தமையால், 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளி வைத்தனர். தள்ளி வைத்தனரேயன்றிக் கைவிடவில்லை. நம் நாட்டிலும் கண்ணாடி இழை செப்புக் கம்பியின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்து வருகிறது. மழையில் ஊறிப் பழுதாகும் செப்புக் கேபிளைச் செப்பனிட ஆளும் பொருளும் முன்போல் எளிதில் கிட்டுவதில்லை. எனவே நம் முன் உள்ள கேள்வி, மாறுவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது, எந்த வடிவில், எந்தக் காப்புடன் மாறுவது என்பதே.

முதலில் அழைப்புகளை எண்ணுக

முடிவு செய்யுமுன் இரண்டு வாரங்களுக்கு ஓர் அழைப்புப் பதிவேடு வைக்க வேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். அழைப்பு வந்த நேரம், அழைத்தவர் அங்கத்தினரா வியாபாரியா, என்ன பொருள் பற்றி, யார் பதில் சொன்னார், "லைன் கிடைக்கவில்லை" என்று குறை கூறினாரா என்ற ஐந்து கலங்கள் வேண்டும்.

மஞ்சள் ஏலம் நடத்தும் சங்கம் ஒன்றில் இவ்வாறு எழுதிப் பார்த்தோம். லைன் எப்போதும் ஓய்வின்றி இருக்கிறது, மூன்று புதிய இணைப்புகள் வேண்டும் என்பது அச்சங்கத்தாரின் எண்ணம். பதிவேடு வேறொன்றைக் கூறிற்று. நெருக்கடி ஏல நாட்களில் மட்டுமே, அதுவும் பகலுக்கு முன் இரண்டு மணி நேரம் மட்டுமே இருந்தது. அந்நேரத்து அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வி: "இன்று விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை?" இருபது கல் தொலைவிலிருந்து மூட்டையை வண்டியில் ஏற்றுவதா வேண்டாமா என்று அந்த விவசாயி முடிவு செய்ய வேண்டிய வேளை அது. லைன் கிடைக்காவிட்டால் வீட்டு வாசலுக்கு வரும் தரகர் சொல்லும் விலைக்கே அவர் விற்றுவிடுவார். அச்சங்கத்திற்குத் தேவைப்பட்டவை மூன்று இணைப்புகள் அல்ல. ஒரே எண்ணில் பலர் ஒரே நேரத்தில் அழைத்து, பதிவு செய்து வைத்த விலையைக் கேட்கும் வசதியே. இதற்கு இணையவழி முறை மிகவும் ஏற்றது.

மாறாக, நெசவாளர் சங்கம் ஒன்றில் நாளொன்றுக்குப் பத்து அழைப்புகள்கூட வரவில்லை. நூல் வந்ததா, கூலிப் பட்டுவாடா என்று என்பவையே அவை. அங்கே கிளை முறையும் அறிவிப்புக் குரலும் வீண் செலவு.

ஒரு கணக்கு

செலவு பாதியாகும் என்ற பேச்சை எழுதிப் பார்த்தே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மூன்று இடங்களில் மூன்று கம்பித் தொலைபேசிகள் உள்ள சங்கம் ஒன்றைக் கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் சங்கத்தின் பில்களைக் கொண்டு அவற்றை மாற்றிக்கொள்க.

இப்போதைய மாதச் செலவு: ஒன்றுக்கு ரூ. 400 வீதம் ரூ. 1,200. சரக்கு சேவை வரி 18 சதவிகிதம் ரூ. 216. ஆக ரூ. 1,416.

புதிய முறையில் மாதச் செலவு: மூன்று கிளைத் தொலைபேசிகளுக்கு ரூ. 250 வீதம் ரூ. 750. பொது எண்ணுக்கு ரூ. 200. வரி ரூ. 171. ஆக ரூ. 1,121. மாத மிச்சம் ரூ. 295.

தொடக்கச் செலவு: மூன்று கருவிகள் ரூ. 3,000 வீதம் ரூ. 9,000. மூன்று இடங்களுக்கும் பாட்டரிக் காப்பு ரூ. 1,500 வீதம் ரூ. 4,500. கம்பி வேலை ரூ. 1,200. ஆக ரூ. 14,700.

ரூ. 14,700ஐ ரூ. 295ஆல் வகுத்தால் ஏறத்தாழ 50 மாதங்கள். போட்ட முதல் திரும்பி வரவே நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். கருவிகள் ஐந்தாண்டு உழைத்தால் எஞ்சும் இலாபம் சொற்பமே. இதுவும் மூன்று இடங்களிலும் இணைய இணைப்பு முன்னரே இருந்தால்தான். ஓரிடத்தில் தொலைபேசிக்காகவே மாதம் ரூ. 500 கொடுத்து இணையம் வாங்க நேர்ந்தால் மிச்சம் மறைந்து நட்டமாகும். ஆகவே, சிறிய சங்கம் ஒன்று சிக்கனத்திற்காக மட்டும் மாறுவது பெரும்பாலும் பொருந்தாது. அங்கத்தினருக்குச் சேவை பெருகுமானால் மாறலாம்.

எண் போனால் ஊர் போகும்

செலவைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இதனை என் சொந்த அனுபவத்திலிருந்தே கூற வேண்டியுள்ளது.

நெசவாளர் சங்கம் ஒன்று பழைய இணைப்பை ஒப்படைத்துவிட்டு வேறொரு நிறுவனத்தின் இணையவழித் தொலைபேசிக்கு மாறிற்று. புதிய எண் கிடைத்தது. பழைய எண் போயிற்று. அப்பழைய எண் பல ஆண்டுகளாகச் சேலைக் கட்டுகளின் சீட்டிலும், பாஸ் புத்தகத்திலும், வெளியூர் வியாபாரிகளின் குறிப்பேட்டிலும் இருந்தது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அழைத்தவர்களுக்கு, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற பதிலே கிடைத்தது. சிலர் கடிதம் எழுதினர். சிலர் வேறிடத்தில் கொள்முதல் செய்தனர். கட்டுகள் கிடங்கில் தங்கின; தறிகள் சில வாரங்கள் பாவின்றி நின்றன.

அத்தீர்மானம் என் ஆய்வுக்கு வந்திருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டனவா என்று பார்த்தேன். குறைந்த விலை ஏற்கப்பட்டதா என்று பார்த்தேன். எண் நிலைக்குமா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாடெங்கும் 2011 முதல் உள்ள, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி கைப்பேசி எண்களுக்கே உரியது. தரைவழி எண்ணுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. இருக்கும் நிறுவனத்திடமே கண்ணாடி இழைக்கு மாறினால் அதே எண் தொடருமா என்பதை முதலில் விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

மின்சாரம் நின்றால்

கண்ணாடி இழையில் மின்சாரம் வருவதில்லை; ஒளியே வருகிறது. எனவே நம் பெட்டிக்கு நாமே மின்சாரம் தர வேண்டும். இப்பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குவது. 12 வாட் செலவழிப்பதாகக் கொண்டால், நான்கு மணி நேரத்திற்கு 48 வாட்-மணி சேமிப்புள்ள பாட்டரி வேண்டும். வாங்குமுன் அதன் மேல் எழுதியுள்ள அளவைப் பார்க்க வேண்டும். பிரதான சுவிட்சை அணைத்து, தொலைபேசி எத்தனை நேரம் பேசுகிறது என்று கடிகாரத்தை வைத்துச் சோதிக்க வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய காலத்தில் எந்தச் சிறு பாட்டரியும் போதாது. எனவே, சங்கத்தின் பெயரிலேயே ஒரு சாதாரணக் கைப்பேசி இருப்பது அவசியம். அவ்வெண்ணையும் அங்கத்தினருக்கு முன்னதாகவே அறிவித்திருக்க வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கை: கிடங்கில் உள்ள கிளைத் தொலைபேசியிலிருந்து 112 அல்லது 108ஐ அழைத்தால், அழைப்பு தலைமை அலுவலக முகவரியில் பதிவாகக் கூடும். தீ கிடங்கில் எரிய, வண்டி அலுவலகத்திற்குச் செல்ல நேரலாம். ஆகையால், ஒவ்வொரு கருவியின் அருகிலும் அவ்விடத்தின் முழு முகவரியை எழுதி ஒட்டுக. இயன்றவரை இவ்வழைப்புகளைக் கைப்பேசியிலிருந்தே செய்க.

பூட்டாத கதவு

இணையத்தில் உள்ள தொலைபேசிக்கு இணையத்திலிருந்தே திருடரும் வரலாம். எளிய கடவுச்சொல் வைத்திருந்தால் யாரோ ஒருவர் இரவோடிரவாக நுழைந்து வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைப் பொழிவார். பில் சங்கத்தின் பெயருக்கு வரும். நம் சங்கங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு தேவைப்படுவது அரிது. எனவே அதனை முற்றிலும் அடைத்துவிடுமாறு எழுதிக் கொடுக்க வேண்டும். மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும். கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றி, உறையிலிட்டு, ரொக்கப் பெட்டியில் வைக்க வேண்டும்.

தீர்மானத்தில் இருக்க வேண்டியவை

1. அழைப்புப் பதிவேட்டின் சுருக்கமும், மாற்றம் எந்தக் குறையைத் தீர்க்கும் என்ற வாசகமும்.

2. நிறுவனத்தின் உரிம விவரம்.

3. பழைய எண் தொடர்வது பற்றிய எழுத்து உறுதி.

4. தொடக்கச் செலவு, மாதச் செலவு, வரி, ஒப்பந்தக் காலம், இடையில் விலகினால் கட்டணம்.

5. பாட்டரிக் காப்பின் அளவும், அதனைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதும்.

6. வெளிநாட்டு அழைப்புத் தடை.

7. புதியது ஒரு மாதம் குறையின்றி நடந்த பின்னரே பழைய இணைப்பை ஒப்படைப்பது என்ற நிபந்தனை.

பழைய இணைப்பை ஒப்படைக்கும்போது, என்றோ கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கோர மறத்தலாகாது. பல சங்கங்களின் இருப்பு நிலைக் குறிப்பில் அத்தொகை ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகிறது. இரசீதைத் தேடுவார் இல்லை.

முடிவு

ஒரே அலுவலகமும் சில அழைப்புகளும் உள்ள சங்கம், கம்பி நன்றாக இருக்கும்வரை இருக்கலாம். கம்பி அடிக்கடி பழுதானால், இருக்கும் நிறுவனத்திடமே, இருக்கும் எண்ணிலேயே, கண்ணாடி இழைக்கு மாறி ஒரு பாட்டரி வாங்கினால் போதும். பல இடங்களில் அலுவல் நடத்துவதும், குறித்த வேளையில் அழைப்புகள் குவிவதுமான சங்கம் கிளை முறைக்குத் தயங்காமல் மாறலாம். இணையமே வாரத்திற்கு இருமுறை நின்றுபோகும் ஊரில் உள்ள சங்கம், முதலில் இணையத்தைச் சீராக்கிக்கொண்டு பிறகு தொலைபேசியைப் பற்றிச் சிந்திக்கட்டும்.

எந்த முறையாயினும், மணி ஒலிக்கும்போது எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். ஏல நாளன்று காலையில் அழைக்கும் விவசாயிக்கும், நூல் வந்ததா என்று கேட்கும் நெசவாளிக்கும், நம் தொலைபேசி எத்தகையது என்பது ஒரு பொருட்டன்று. தம் சங்கம் பதில் சொல்கிறதா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. அடுத்த மகாசபைக்கு முன் பதிவேட்டைத் தொடங்குங்கள். அதனை மகாசபையில் படியுங்கள். அதன் பின்னர் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது சங்கத்தின் முடிவாக இருக்கும்.